நிமோகாக்கஸின் உறையும் நோயாளியின் உயிரும்

1910களில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் மருத்துவமனையில் நிமோனியாவுடன் சேர்க்கப்பட்டவர்களின் சளியில் ஒரு துளியை எடுத்து வெள்ளைச் சுண்டெலியின் வயிற்றறைக்குள் செலுத்துவது வழக்கமாக இருந்தது. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமி சுண்டெலியின் உடலில் சில மணி நேரத்திலேயே பெருகிவிடும். பெருகிய கிருமியை வெவ்வேறு சீரங்களோடு (எதிர்ப்பொருள்கள் கொண்ட இரத்தநீரோடு) கலந்து, எந்தச் சீரத்தில் அது திரள்கிறது என்று பார்த்து, அதன் வகையை மருத்துவர்கள் நோயாளியின் குறிப்பேட்டில் எழுதினார்கள். முதல் மூன்று வகைகள் தெளிவாகப் பிரிந்தன. எதிலும் சேராதவை எல்லாம் நான்காம் தொகுதி என்ற ஒரே கூடையில் போடப்பட்டன. 1913இல் டோஷேயும் கில்லெஸ்பியும் இந்த வகைப்பாட்டை வெளியிட்ட காலத்திலிருந்தே ஓர் உண்மை கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. 3ஆம் வகை தொற்றியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள்; நான்காம் தொகுதியில் இறப்பு மிகக் குறைவாக இருந்தது. மருத்துவமனை ஒன்று, நோயின் பெயர் ஒன்று, நுண்ணோக்கியில் தெரியும் கிருமியின் உருவமும் ஒன்று. முடிவு மட்டும் வேறாக இருந்தது.

அன்று வகையைக் கண்டறிந்தது சிகிச்சைக்காக. குதிரைகளிலிருந்து எடுத்த சீரம் அதற்குரிய வகையின்மீது மட்டுமே வேலை செய்யும் என்பதால், வகை தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. 1ஆம் வகைக்கு அந்தச் சீரம் பலன் தந்தது. 3ஆம் வகைக்குத் தரவில்லை. நூறாண்டு கடந்து, நுண்ணுயிர்க்கொல்லிகளும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் தடுப்பூசிகளும் வந்த பிறகும், 3ஆம் வகை இன்னும் அதிகம் கொல்லும் வகைகளின் பட்டியலில் மேல்பகுதியிலேயே நிற்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். கிருமியின் வகை நோயாளியின் உயிர்பிழைப்பைப் பாதிக்கிறதா என்று கேட்டால், பாதிக்கிறது என்றே சொல்ல வேண்டும். ஆனால் எவ்வளவு, எந்த வழியில், யாருக்கு என்ற கேள்விகளுக்கு விடை காண, எளிதில் ஒன்றாகக் குழம்பிவிடும் சில விஷயங்களை முதலில் பிரித்தெடுத்தாக வேண்டும்.

வகை என்று இங்கே சொல்வது கிருமியின் வெளியுறையைப் பொறுத்தது. நிமோகாக்கஸைச் சுற்றிச் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட வழுவழுப்பான ஓர் உறை இருக்கிறது. அந்தச் சங்கிலியில் எந்தச் சர்க்கரை, எந்த வரிசையில், எந்தப் பிணைப்பால் சேர்ந்திருக்கிறது என்பதுதான் வகையைத் தீர்மானிக்கிறது. இன்று 100க்கும் மேற்பட்ட வகைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. மருத்துவர்கள் சீரோடைப் என்று சொல்லும் இதை இங்கே உறைவகை என்று குறிப்பிடுகிறேன். உறைக்கும் உயிர்க்கொல்லும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை மிகத் துலக்கமாகக் காட்டியது 1928இல் பிரெடெரிக் கிரிஃபித் செய்த சோதனை. வெப்பத்தால் கொல்லப்பட்ட 3ஆம் வகைக் கிருமியையும், உறையை இழந்து தீங்கற்றதாகிவிட்ட 2ஆம் வகையின் உயிருள்ள கிருமியையும் ஒன்றாகச் சுண்டெலிக்குச் செலுத்தியபோது சுண்டெலி இறந்தது. அதன் இரத்தத்தில் 3ஆம் வகை உறையோடு உயிருள்ள கிருமி கிடைத்தது. உறை இடம் மாறியது, அதனோடு கொல்லும் திறனும் வந்தது. அந்த மாற்றத்தை நிகழ்த்திய பொருள் டி.என்.ஏ என்று 1944இல் ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி மூவரும் நிறுவினார்கள். மரபியலின் அடித்தளமாக அமைந்த அந்தக் கண்டுபிடிப்பு, ஒரு நிமோனியாக் கிருமி ஏன் மற்றொன்றைவிடக் கொடியது என்று தேடிப் போனவர்களுக்கு வழியில் கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

உறை கிருமியைக் காப்பது எப்படி? உடலுக்குள் நுழையும் கிருமியின் மேற்பரப்பில் இரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் படிந்து, அதை விழுங்கத்தக்க பொருளாக அடையாளமிடுகின்றன. அந்த அடையாளத்தைப் பற்றிக்கொண்டுதான் வெள்ளணுக்களும் மண்ணீரலிலுள்ள விழுங்கணுக்களும் கிருமியை அழிக்கின்றன. தடித்த உறை இருந்தால் புரதம் குறைவாகப் படியும். படிந்தாலும் உறைக்கு அடியில் மறைந்துவிடுவதால் வெள்ளணுவின் கைக்கு எட்டாது. மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு நிமோகாக்கஸ் தொற்று சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியதாக இருப்பதன் காரணமும் இதுவே. உறையுள்ள கிருமியை இரத்தத்திலிருந்து வடிகட்டும் வேலையில் பெரும்பங்கு அந்த உறுப்பினுடையது.

எல்லா வகைகளும் ஒரே தடிமனில் உறை போர்த்திக்கொள்வதில்லை. உறையைக் கட்டக் கிருமிக்கு ஆற்றல் செலவாகிறது. எளிய சர்க்கரை அலகுகளால் ஆன உறையைக் குறைந்த செலவில் தடிமனாகக் கட்டலாம். சிக்கலான அலகுகளைக் கொண்ட உறை செலவு பிடிப்பது. 2009இல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கணக்கை நேரடியாகப் போட்டுப் பார்த்தது. ஓர் அலகைக் கட்டக் குறைந்த வளம் தேவைப்படும் வகைகள் தடித்த உறை கொண்டிருந்தன, வெள்ளணுக்களின் தாக்குதலை நன்றாகத் தாங்கின, மக்களின் மூக்கிலும் தொண்டையிலும் அதிகமாகக் காணப்பட்டன. ஒரு கிருமி எத்தனை பேரின் மூக்கில் குடியிருக்கிறது என்பது அதன் சர்க்கரைச் சங்கிலியின் வேதியியலிலிருந்தே ஓரளவு ஊகிக்கத்தக்கதாக இருக்கிறது என்பது, நோய்ப்பரவல் இயலில் அரிதாகக் கிடைக்கும் தெளிவு.

இந்த வரிசையில் 3ஆம் வகை தனித்து நிற்கிறது. அதன் உறையில் இரண்டே இரண்டு சர்க்கரைக் கூறுகள் மாறிமாறி வருகின்றன. பெரும்பாலான வகைகளில் உறை கிருமியின் செல்சுவரோடு வேதிப் பிணைப்பால் இறுகக் கட்டப்பட்டிருக்கும். 3ஆம் வகையில் அந்தக் கட்டு இல்லை. அதனால் உறைப்பொருள் கிருமியிலிருந்து கழன்று சுற்றிலும் பரவுகிறது. உறைக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் கிருமியைச் சென்றடையுமுன் இந்தக் கழன்ற உறையோடு ஒட்டி வீணாகின்றன. 1917இலேயே டோஷேயும் ஏவரியும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்திலும் சிறுநீரிலும் கிருமியிலிருந்து கரைந்து வந்த, வகைக்கே உரிய ஒரு பொருளைக் கண்டிருந்தார்கள். அது ஒரு கூட்டுச்சர்க்கரை என்று 1923இல் ஹைடல்பெர்கரும் ஏவரியும் காட்டினார்கள். அன்று சீரம் சிகிச்சை 3ஆம் வகையிடம் தோற்றதற்கும், இன்று தடுப்பூசி அதனிடம் திணறுவதற்கும் பொதுவான ஒரு காரணம் அந்தச் சிறுநீர்க் குப்பியிலேயே இருந்திருக்கிறது.

இனி, முன்பு சொன்ன குழப்பத்துக்கு வருகிறேன். ஒரு கிருமி வகையைக் கொடியது என்று சொல்லும்போது மூன்று வேறு பொருள்கள் கலந்துவிடுகின்றன. அது எத்தனை பேரிடம் குடியிருக்கிறது என்பது ஒன்று. குடியிருப்பவர்களில் எத்தனை பேருக்கு அது இரத்தத்துக்குள்ளோ மூளையுறைக்குள்ளோ ஊடுருவுகிறது என்பது மற்றொன்று. ஊடுருவியவர்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பது மூன்றாவது. நிமோகாக்கஸ் பெரும்பாலும் தீங்கின்றி மனிதரின் மூக்கில் வாழும் கிருமி என்பதை மறந்தால் இந்தப் பிரிவினை புரியாது. 1881இல் இதை முதலில் கண்டறிந்த இருவரில் ஒருவரான ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க், நோயின்றி இருந்த தன் சொந்த உமிழ்நீரை முயல்களுக்குச் செலுத்தித்தான் அதைக் கண்டார். (மற்றவர் லூயி பாஸ்டர், இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனியே கண்டார்கள்.) குழந்தைகளின் மூக்கில் இது மிகச் சாதாரணமாகக் குடியிருக்கும். கடும் நோய் என்பது அந்தக் குடியிருப்பிலிருந்து எப்போதாவது நிகழும் விலகல்.

மூன்று அளவுகளையும் தனித்தனியாகப் பார்த்தபோது எதிர்பாராத ஓர் ஒழுங்கு வெளிப்பட்டது. மூக்கில் அடிக்கடி காணப்படும் வகைகள் ஊடுருவுவது குறைவு. 1ஆம் வகையைப் போல அதிகம் ஊடுருவுபவை மூக்கில் அரிதாகவே பிடிபடுகின்றன. 2003, 2004ஆம் ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இந்தத் தலைகீழ்த் தொடர்பை விளக்கமாகக் காட்டினார்கள். இறப்பைச் சேர்த்துப் பார்த்தால் அது இன்னும் விந்தையானது. எளிதில் ஊடுருவும் வகைகள் கொல்வது குறைவாகவும், அரிதாக ஊடுருவும் வகைகள் கொல்வது அதிகமாகவும் இருந்தது. சுவீடன் ஆய்வாளர்கள் 2006இல் இதற்கு ஒரு பெயரிட்டார்கள். 1, 7எஃப் போன்றவை முதல்நிலை நோய்க்கிருமிகள் (எண்ணோடு வரும் எழுத்து, நெருங்கிய உறைவகைகளைப் பிரித்துக் காட்டுவது). வேறு நோய் இல்லாத இளைய வயதினரையும் அவை தாக்குகின்றன, ஆனால் அவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். 3, 6ஏ, 6பி, 19எஃப், 23எஃப் போன்றவை சந்தர்ப்பவாதக் கிருமிகள். முன்பே உடல் நலிந்தவர்களிடம்தான் அவை ஊடுருவுகின்றன, ஊடுருவினால் விளைவு கடுமையாகிறது.

இப்படிப் பெயரிட்டவுடன் ஒரு கேள்வி எழுகிறது, இந்தத் துறையின் மையக் கேள்வியே அதுதான் என்று நான் கருதுகிறேன். 3ஆம் வகை நோயாளிகளைக் கொல்கிறதா, அல்லது எப்படியும் இறக்கும் நிலையில் இருந்தவர்களிடம் அது காணப்படுகிறதா? முதியவர்களையும் புற்றுநோய், கல்லீரல் நோய், இதய நோய் உடையவர்களையும் தேடிப் பிடிக்கும் ஒரு கிருமியின் கணக்கில் இறப்பு கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. அந்தக் கூடுதலில் கிருமியின் பங்கு எவ்வளவு, நோயாளியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காதவரை, உறைவகை வாரியான இறப்பு விகிதப் பட்டியல் நம்மை எளிதில் ஏமாற்றக்கூடியது.

பிரிக்க முயன்றவற்றுள் பெரியது டென்மார்க்கில் நடந்த ஆய்வு, 2009இல் வெளியானது. நாட்டின் நிமோகாக்கஸ் பதிவேடுகளையும் மருத்துவமனைப் பதிவேடுகளையும் மக்கள்தொகைப் பதிவேட்டையும் ஒன்றிணைத்து, 1977 முதல் 2007 வரை முப்பதாண்டுகளில் ஊடுருவும் தொற்றுக்கு ஆளான 18,858 பேரை அது ஆராய்ந்தது. 30 நாள்களுக்குள் இறந்தவர்கள் மொத்தத்தில் 18 விழுக்காடு. இந்தச் சராசரிக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருந்தன. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் இறந்தவர்கள் 3 விழுக்காடு. அதற்கு மேற்பட்ட வயதினரில் 19 விழுக்காடு. வயது, முன்பிருந்த நோய்கள் முதலியவற்றைக் கணக்கில் கழித்த பிறகும், 31, 11ஏ, 35எஃப், 17எஃப், 3, 16எஃப், 19எஃப், 15பி, 10ஏ ஆகிய ஒன்பது வகைகள், 1ஆம் வகையோடு ஒப்பிடும்போது மூன்று மடங்கோ அதற்கு மேலோ இறப்பு வாய்ப்புடன் தொடர்புற்றிருந்தன. குழந்தைகளில் வரிசை வேறாக இருந்தது. ஆனால் அவர்களில் இறப்பே குறைவு என்பதால் உறுதியாகச் சொல்லப் போதுமான எண்ணிக்கை இல்லை.

மூன்று மடங்கு என்ற சொல்லைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். அது இறப்பவர்களின் விழுக்காடு மூன்று மடங்காவதைக் குறிப்பதில்லை. இறந்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் உள்ள விகிதம் மூன்று மடங்காவதைக் குறிக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கில், ஒப்பீட்டு வகையில் 100 பேரில் 6 பேர் இறக்கிறார்கள் என்று கொண்டால், மூன்று மடங்கு வாய்ப்பு விகிதம் என்பது ஏறக்குறைய 16 பேரைக் குறிக்கும். இறப்பு அரிதாக இருக்கும்போது இரண்டு கணக்கும் ஒட்டிவரும்; அதிகமாக இருக்கும்போது விலகிப்போகும். மேலும், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட 1ஆம் வகை எல்லாவற்றிலும் மென்மையான முடிவைத் தருவது. அதன் அருகில் நிறுத்தினால் எந்த வகையும் கொடியதாகவே தெரியும்.

அதனால்தான் 2010இல் வந்த, பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மறுகணக்கிட்ட ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நடுத்தர இறப்புள்ள 14ஆம் வகையை அது ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது. நிமோனியாவோடு இரத்தத்திலும் கிருமி பரவிய நோயாளிகளில் 3, 6ஏ, 6பி, 9என், 19எஃப் ஆகியவற்றில் இறப்பு கூடுதலாகவும், 1, 7எஃப், 8 ஆகியவற்றில் குறைவாகவும் இருந்தது. வெவ்வேறு இடங்களிலும் காலங்களிலும் எடுக்கப்பட்ட கணக்குகளில் வரிசை பெரிதும் மாறாமல் இருந்தது என்பதே அதன் வலிமை. இறப்பு கூடுதலான வகைகளே தடித்த உறை கொண்டவையாகவும், மூக்கில் அதிகம் குடியிருப்பவையாகவும், குறைவாக ஊடுருவுபவையாகவும் இருந்தன. முன்பு பார்த்த சர்க்கரைச் சங்கிலியின் சிக்கனக் கணக்கு இங்கே நோயாளியின் படுக்கைவரை வந்து சேர்கிறது.

எனினும் புள்ளியியலால் எல்லாவற்றையும் கழித்துவிட முடியாது. பதிவேட்டில் நீரிழிவு என்று எழுதியிருக்கும். அந்த நீரிழிவு எவ்வளவு முற்றியது என்று எழுதியிருக்காது. ஒருவர் தன் வேலைகளைத் தானே செய்துகொண்டிருந்தாரா, பல மாதங்களாகப் படுக்கையில் இருந்தாரா என்பது இன்னும் அரிதாகவே பதிவாகும். உடல் தளர்ச்சியை இப்படி அரைகுறையாக அளந்துவிட்டு அதைக் கணக்கில் கழித்துவிட்டோம் என்று சொன்னால், கழிக்கப்படாத மிச்சம் முழுவதும் கிருமியின் தலையில் விழும். 11ஏ, 31 போன்று மிக அரிதாக ஊடுருவும் வகைகளின் பெரிய எண்களில் இந்த மிச்சத்தின் பங்கு கணிசமாக இருக்கும் என்பது என் கணிப்பு. 3ஆம் வகையின் நிலை வேறு. நிமோகாக்கஸ் நிமோனியாவில் செப்டிக் அதிர்ச்சியோடு, அதாவது தொற்றால் இரத்த அழுத்தம் ஆபத்தாக வீழ்ந்த நிலையில், வருபவர்களிடம் அது அடிக்கடி காணப்படுவதும், முன்பு நலமாக இருந்த குழந்தைகளிலும் நுரையீரல் திசுவை அழுகச் செய்யும் நிமோனியாவை அது உண்டாக்குவதும், அதன் உறையின் தனித்தன்மையும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

உறைவகை மட்டுமே எல்லாம் என்று எண்ணுவதற்கு எதிரான மிக வலுவான சான்று 1ஆம் வகையிடமிருந்தே வருகிறது. ஐரோப்பாவில் பிழைத்துவிடக்கூடிய நிமோனியாவையும் நுரையீரல் உறையில் சீழ் கட்டுவதையும் உண்டாக்கும் இதே வகை, ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கேயுள்ள மூளைக்காய்ச்சல் வளைய நாடுகளில் கொள்ளைநோயாக வெடித்திருக்கிறது. 2000 முதல் 2003 வரை வடக்கு கானாவில் இதனால் உண்டான மூளைக்காய்ச்சலில் நோயுற்றவர்களில் ஐந்தில் இருவருக்கும் மேல் இறந்தார்கள். மூளையுறையைத் தாக்குவதும் நுரையீரலைத் தாக்குவதும் ஒன்றல்ல. சிகிச்சை கிடைக்கும் தொலைவும் ஒன்றல்ல. ஆனால் கிருமியும் உண்மையில் ஒன்றல்ல. ஒரே உறையைப் போர்த்திக்கொண்டு வெவ்வேறு மரபுவழிகள் உலவுகின்றன. ஆப்பிரிக்காவில் பரவியது 217 என்ற எண்ணால் குறிக்கப்படும் மரபுவழியைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் பரவலாக இருந்தது 306. இந்த 306இன் நிமோலைசின் என்ற நச்சுப்புரதம் மாற்றமடைந்து, சிவப்பணுக்களை உடைக்கும் திறனை இழந்துவிட்டது. உறையைப் பார்த்து மட்டும் 1ஆம் வகை என்று எழுதும் ஆய்வகச் சீட்டில் இந்த வேறுபாடு தெரியாது.

மரபுவழிக்கும் உறைக்கும் உள்ள ஊடாட்டத்தை ஆய்வகத்திலேயே காட்டிய ஒரு சோதனை 1994இல் வெளியானது. மூன்று வேறு நிமோகாக்கஸ் மரபுகளின் உறையை நீக்கி மூன்றுக்கும் 3ஆம் வகை உறையைக் கொடுத்தார்கள். 6பி மரபு சுண்டெலிகளுக்கு முன்னைவிடக் கொடியதாயிற்று. 2ஆம் வகை மரபில் மாற்றம் இல்லை. 5ஆம் வகை மரபோ தன் பழைய கொடுமையைப் பெருமளவு இழந்தது. கொல்லும் திறன் உறையில் மட்டும் குடியிருந்தால் மூன்றும் ஒன்றாகியிருக்க வேண்டும். இயற்கையிலும் கிருமிகள் தமக்குள் டி.என்.ஏவைப் பரிமாறி உறையை மாற்றிக்கொள்கின்றன. கிரிஃபித்தின் சுண்டெலிக்குள் நடந்தது குழந்தைகளின் மூக்கில் நாள்தோறும் நடக்கக்கூடியது என்பதால், உறைவகையின் பட்டியலை நிரந்தரமானது என்று கொள்ள முடியாது.

மூளைக்காய்ச்சலில் கிருமியின் பங்கு இன்னும் சுருங்குகிறது. 2019இல் நெதர்லாந்து நோயாளிகளை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வு, நோயாளிகளின் மரபணுத் தொகுதியையும் அவர்களிடமிருந்து எடுத்த கிருமியின் மரபணுத் தொகுதியையும் ஒருசேரப் படித்தது. ஒரு நிமோகாக்கஸ் ஊடுருவுமா என்பதைக் கிருமியின் மரபணு வேறுபாடு பெருமளவு விளக்கியது. ஊடுருவிய பின் நோய் எவ்வளவு கடுமையாகும் என்பதில் கிருமியின் மரபணுவுக்குப் பங்கு இருப்பதாக அந்த ஆய்வில் தெரியவில்லை. நோயாளியின் மரபணுவுக்குப் பங்கு இருந்தது. நிமோனியாவில் கண்ட உறைவகை வேறுபாடுகளை இது பொய்யாக்குவதாக நான் எண்ணவில்லை. மூளையுறைக்குள் எதிர்ப்பொருளும் காம்ப்ளிமென்ட் புரதமும் மிகக் குறைவு. வெள்ளணுக்களிடமிருந்து காக்கும் உறையின் தடிமன் அங்கே பெரிய வேறுபாட்டை உண்டாக்காமல் போவதற்கு இடமுண்டு. ஒரே கிருமி, உடலின் எந்த அறையில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் உறையின் மதிப்பு மாறுகிறது என்று கொள்வதே இரு முடிவுகளுக்கும் பொருந்துகிறது.

சிகிச்சையின் பக்கம் ஒரு பழைய ஆய்வு இன்னும் ஒளி தருகிறது. ராபர்ட் ஆஸ்ட்ரியனும் ஜெரோம் கோல்டும் நியூயார்க்கின் புரூக்ளினில் 1952 முதல் 1962 வரை இரத்தத்தில் நிமோகாக்கஸ் பரவிய நோயாளிகளைப் பின்தொடர்ந்து, 1964இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெனிசிலின் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருந்தது. ஆனால் நோய் தொடங்கி முதல் ஐந்து நாள்களுக்குள் இறப்பவர்களின் அளவைப் பெனிசிலினால் ஏறக்குறைய குறைக்கவே முடியவில்லை. கிருமி மருந்தால் மடிந்துகொண்டிருந்தாலும், அது கிளப்பிவிட்ட அழற்சியும் அதன் உடைந்த உடலிலிருந்து வெளிப்படும் நச்சும் உறுப்புகளைக் கெடுத்துக்கொண்டே போகின்றன. இதயத் தசையும் அதிலிருந்து தப்புவதில்லை. உறைவகையால் ஏற்படும் வேறுபாடு நுண்ணுயிர்க்கொல்லிகள் வந்த பிறகும் மறையாததற்கு இந்த ஐந்து நாள்களே முக்கியமான காரணம் என்று கருதுகிறேன். தடித்த உறையால் தொடக்கத்தில் கிடைக்கும் முன்னிலையை மருந்து பின்னால் வந்து முழுவதும் ஈடுசெய்ய முடிவதில்லை. மருந்தெதிர்ப்பு பற்றிய அச்சம் இங்கே அடிக்கடி எழும். மூளைக்காய்ச்சலில் அந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. நிமோனியாவில், சிரை (இரத்தக்குழாய்) வழியே உயர்ந்த அளவில் பெனிசிலின் தரும்போது, மிதமான எதிர்ப்பு இறப்பைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. 1995இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வு இதைக் காட்டிய பிறகு, கிருமியை மருந்தெதிர்ப்பு உள்ளது என்று கொள்வதற்கு மூளைக்காய்ச்சலுக்கும் மற்றவற்றுக்கும் வெவ்வேறு எல்லைகள் வகுக்கும் வழக்கம் வந்தது.

படுக்கையருகே இருக்கும் மருத்துவருக்கு உறைவகை இன்று நேரடியாக உதவுவதில்லை. கிருமி வளர்ந்து, வகை தெரியவரும்போது தீர்மானகரமான நாள்கள் கடந்திருக்கும். தெரிந்தாலும் மருந்து மாறுவதில்லை. அது உண்மையில் பயன்படுவது தடுப்பூசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்ற தீர்மானத்தில். 2000இல் வந்த, உறைச் சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்துச் செய்த முதல் நிமோகாக்கஸ் இணைப்புத் தடுப்பூசி குழந்தைகளை அதிகம் தாக்கிய ஏழு வகைகளைக் கொண்டிருந்தது. குழந்தைகளின் மூக்கிலிருந்தே அவை விலகியதால் தடுப்பூசி போடாத முதியவர்களிடமும் அவ்வகை நோய் குறைந்தது. காலியான இடத்தில் 19ஏ போன்ற வேறு வகைகள் குடியேறின. இந்த இடமாற்றத்தின் விளைவு, வந்தேறிய வகை எது என்பதைப் பொறுத்தது. 13 வகைத் தடுப்பூசிக்குப் பிறகு ஐரோப்பாவின் சில நாடுகளில் பெருகிய 8ஆம் வகை அதிகம் ஊடுருவுவது, ஆனால் குறைவாகக் கொல்வது. அத்தகைய வகை இடம்பிடித்தால் நோயாளிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாவிட்டாலும் இறப்பு குறையும். நலிந்தவர்களை மட்டும் தாக்கும் வகைகள் இடம்பிடித்தால், மொத்த நோயும் மொத்த இறப்பும் குறைந்திருக்கும்போதே, நோயுற்றவர்களில் இறப்பவர்களின் விழுக்காடு உயர்ந்து காட்டும். அந்த உயர்வைப் பார்த்துத் தடுப்பூசி தோற்றது என்று படிப்பது தவறு.

3ஆம் வகை 2010 முதல் 13 வகைத் தடுப்பூசியில் இருக்கிறது. இருந்தும் மற்ற வகைகளைப் போல அது மறையவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் குழந்தைகளிடம் தடுப்பூசியின் பயனை அளந்து 2014இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, காப்புக்குத் தேவையான எதிர்ப்பொருள் அளவு பொதுவாக மில்லிலிட்டருக்கு 0.35 மைக்ரோகிராம் என்று கொள்ளப்படும்போது, 3ஆம் வகைக்கு அது 2.83. எட்டு மடங்கு. கழன்று மிதக்கும் உறை எதிர்ப்பொருளை உறிஞ்சிக்கொள்வதைக் கருதினால் இந்த எண் எதிர்பாராததல்ல.

டென்மார்க் ஆய்வு கொடியவை என்று சுட்டிய ஒன்பது வகைகளை வைத்து, ஒவ்வொரு தடுப்பூசியிலும் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். ஏழு வகைத் தடுப்பூசியில் ஒன்று, 19எஃப் மட்டும். 13 வகை, 15 வகைத் தடுப்பூசிகளில் 3ஆம் வகையோடு இரண்டு. 2021இல் வந்த 20 வகைத் தடுப்பூசியில் 10ஏ, 11ஏ, 15பி சேர்ந்து ஐந்து. 1983 முதல் பெரியவர்களுக்குத் தரப்படும் 23 வகைக் கூட்டுச்சர்க்கரைத் தடுப்பூசியில் 17எஃப்பும் சேர்ந்து ஆறு; ஆனால் புரதத்தோடு இணைக்கப்படாததால் அதன் காப்பு நீடிப்பதில்லை. பெரியவர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டு 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 21 வகைத் தடுப்பூசியில், 15பிக்கு எதிராகவும் வேலை செய்யும் மாற்றுவடிவத்தைக் கணக்கில் சேர்த்தால் ஏழு இருக்கின்றன. 16எஃப்பும் 31உம் அதில் புதிதாக இடம்பெற்றன, குழந்தைகள் தடுப்பூசியால் பெருமளவு குறைந்துவிட்ட 19எஃப் கைவிடப்பட்டது. 35எஃப் இவற்றில் எதிலும் இல்லை.